ஜாதகத்தில் இல்லாத பொருத்தம்: மும்பைத் தமிழர்களும் தலசீமியாவும்

மும்பை: தாராவியை ஒட்டி நிற்கும் சயான் மருத்துவமனையை நடுவில் வைத்து ஆறேழு கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டால், பாதி இந்தியா அதற்குள் வந்துவிடும். செம்பூரில், 1947 பிரிவினைக்குப் பின் அகதிகளாக வந்து சேர்ந்த சிந்திகளின் முகாம், பின்னாளில் காலனியாயிற்று. சயான் கோலிவாடாவில், அதே பிரிவினை துரத்திவிட்ட பஞ்சாபிகள். மாதுங்காவில் கட்ச் பகுதி வணிகர்கள்; அவர்களுக்குப் பக்கத்திலேயே பாலக்காட்டுத் தமிழர்களும் தஞ்சாவூர்க்காரர்களும். தாராவிக்குள் சௌராஷ்டிரக் குயவர்களின் கும்பர்வாடா, மீனவர்களான கோலிகளின் பழைய குடியிருப்பு, மராட்டியத் தலித்துகள், திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடவும் கூலி வேலைக்கும் வந்து மூன்று நான்கு தலைமுறையாகத் தங்கிவிட்ட தமிழர்கள்.

இந்தப் பட்டியலில் தமிழர்களைத் தவிர ஏறக்குறைய எல்லோருடைய பெயரும் மருத்துவ ஏடுகளில் ஒரு நோயின் பெயரோடு சேர்த்து எழுதப்படுகிறது. சிந்திகள், பஞ்சாபிகள், குஜராத்திகள், லோகாணாக்கள், வங்காளிகள், கோலிகள், மகர் சமூகத்தினர், சாரஸ்வதர்கள் ஆகியோரிடையே தலசீமியா கூடுதலாகக் காணப்படுகிறது என்று பல ஆண்டுகளாகவே ஆய்வாளர்கள் எழுதி வருகின்றனர். தமிழர்களின் பெயர் அதில் இல்லை. "அது வடக்கத்தியார் நோய், நமக்கு வராது" என்ற எண்ணம் இதனால் எளிதில் தோன்றிவிடுகிறது. அந்த எண்ணத்தில் பாதி உண்மை இருக்கிறது. ஆபத்து மறு பாதியில் உள்ளது.

ரத்தத்தில் நடப்பது என்ன?

தலசீமியா தொற்றுநோய் அன்று. சத்துக் குறைவால் வருவதும் அன்று. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருவது. ரத்தச் சிவப்பணுக்களில் பிராணவாயுவைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபின், ஆல்பா, பீட்டா என்ற இருவகைப் புரதச் சங்கிலிகளால் ஆனது. 11-ஆவது குரோமோசோமில் உள்ள பீட்டா மரபணுவில் பழுது ஏற்பட்டால் பீட்டா சங்கிலி போதிய அளவில் உருவாவதில்லை. துணையின்றி மிஞ்சும் ஆல்பா சங்கிலிகள், சிவப்பணு முழுமை பெறும் முன்பே எலும்பு மஜ்ஜைக்குள் அதைச் சிதைத்துவிடுகின்றன. இந்தியாவில் பெரும்பாலும் காணப்படுவது இந்த பீட்டா வகைதான்.

ஒவ்வொருவருக்கும் இந்த மரபணு இரண்டு உண்டு. ஒன்று தாய்வழி, மற்றொன்று தந்தைவழி. ஒன்று மட்டும் பழுதானால் அவருக்கு நோய் இல்லை. அவர் படிப்பார், உழைப்பார், முதுமை வரை வாழ்வார். பரிசோதித்துப் பார்த்தால் ஒழிய, தமக்குள் அப்படியொன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. இவர்களைத் தலசீமியா மைனர் என்றும், மரபுக்கூறு தாங்கிகள் என்றும் மருத்துவர்கள் அழைக்கின்றனர். கணவன், மனைவி இருவருமே தாங்கிகளாக அமையும்போதுதான் துன்பம் தொடங்குகிறது. பிறக்கும் குழந்தை இரண்டு பழுதான மரபணுக்களையும் பெற நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. பெற்றோரைப் போலத் தாங்கியாக அமைய நான்கில் இரண்டு பங்கு. எதுவுமின்றிப் பிறக்க நான்கில் ஒரு பங்கு.

இந்தக் கணக்கைத் தவறாகப் புரிந்துகொள்வோர் பலர். முதல் குழந்தைக்கு நோய் வந்துவிட்டது, இனி மூன்று குழந்தைகளுக்கு அச்சமில்லை என்பது பொருளன்று. ஒவ்வொரு கருவுக்கும் அதே சீட்டுக் குலுக்கல் புதிதாக நடக்கிறது. நான்கு பிள்ளைகளும் தப்பிய வீடும் உண்டு. இரண்டு பிள்ளைகளும் அகப்பட்ட வீடும் உண்டு.

நோயுள்ள குழந்தை பிறக்கும்போது மற்றக் குழந்தைகளைப் போலவே இருக்கும். கருவிலிருந்து கொண்டுவந்த ஹீமோகுளோபின் சில மாதங்களுக்குக் காப்பாற்றும். அது வற்றும் ஆறாவது மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குள் குழந்தை வெளிறும், பால் குடிக்க மறுக்கும், வயிறு உப்பும். மண்ணீரலும் கல்லீரலும் வீங்குவதால் ஏற்படும் உப்பல் அது. ரத்தம் ஏற்றாவிட்டால் பெரும்பாலான குழந்தைகள் சில ஆண்டுகளுக்குள் இறந்துவிடும். ரத்தம் ஏற்றினால் வாழும். ஆனால் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒரு முறை, ஆயுள் முழுவதும் ஏற்ற வேண்டும்.

பிரிவினையும் மலேரியாவும்

1925-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் தாமஸ் கூலி என்ற குழந்தை மருத்துவர் இந்த நோயை முதலில் விவரித்தார். அவர் கண்ட குழந்தைகள் இத்தாலி, கிரேக்க நாடுகளிலிருந்து குடியேறியோரின் பிள்ளைகள். மத்தியதரைக் கடற்கரை மக்களின் நோய் என்று கருதப்பட்டதால், கிரேக்க மொழியில் கடலைக் குறிக்கும் 'தலசா' என்ற சொல்லிலிருந்து பெயர் வைத்தனர். பெயர் வைத்த சில ஆண்டுகளிலேயே, 1938-இல், கல்கத்தாவிலிருந்து ஓர் இந்திய நோயாளி பற்றிய குறிப்பு வெளியாயிற்று. கடல் ஒரு தற்செயல் என்பது பிறகுதான் விளங்கியது.

உண்மையான காரணம் கொசு. மலேரியா மிகுந்த நாடுகளில், பழுதான மரபணு ஒன்றைத் தாங்கியவர் மற்றவரைவிட அந்தக் காய்ச்சலைத் தாக்குப்பிடித்து வாழ்ந்தார். எனவே அந்த மரபணுவும் தலைமுறை தலைமுறையாக நிலைத்தது என்ற கருத்தை 1949-இல் முன்வைத்தவர் ஜே.பி.எஸ். ஹால்டேன். பிரிட்டனைத் துறந்து இந்தியாவில் குடியேறி, 1964-இல் புவனேசுவரத்தில் மறைந்த அதே விஞ்ஞானிதான். மத்தியதரைக் கடலிலிருந்து சிந்து, கங்கைச் சமவெளிகள் வழியாகத் தென்கிழக்கு ஆசியா வரை நீளும் தலசீமியாப் பட்டை, பழைய மலேரியா வரைபடத்தோடு பெரிதும் ஒத்துப்போகிறது.

அந்தப் பட்டையின் ஒரு துண்டு 1947-இல் ரயிலிலும் கப்பலிலும் ஏறி பம்பாய்க்கு வந்து, செம்பூரிலும் சயான் கோலிவாடாவிலும் உல்லாஸ்நகரிலும் இறங்கியது. சிந்து மண்ணைவிட்டு வந்தவர்கள் சொத்தை இழந்தனர். மணவுறவு முறையை இழக்கவில்லை. சிறிய சமூகம் தனக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தது. தாங்கியும் தாங்கியும் சந்திக்கும் வாய்ப்பு அதனால் குறையாமலே நீடித்தது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசிய நோயெதிர்ப்பு ரத்தவியல் நிறுவனம் பரேலில் கே.இ.எம். மருத்துவமனை வளாகத்தில் உள்ளது. 1957-இல் ரத்த வகை ஆய்வு மையமாகத் தொடங்கப்பட்ட நிறுவனம் இது. (உலகிலேயே மிக அரிய வகைகளுள் ஒன்றான 'பம்பாய் ரத்த வகை' இந்த நகரில்தான் 1952-இல் கண்டறியப்பட்டது.) மும்பை, கொல்கத்தா, பெங்களூரு, வதோதரா, லூதியானா, திப்ரூகர் ஆகிய 6 நகரங்களில் 2000-ஆம் ஆண்டுக்குப் பின்னான ஆண்டுகளில் 56,780 பேரைப் பரிசோதித்து, 2013-இல் வெளியான ஆய்வு, தாங்கிகளின் சராசரி 2.78 சதவீதம் என்று கண்டது. சராசரியைவிட முக்கியமானது அதன் உட்பிரிவு. 59 சமூகப் பிரிவுகளில் இந்த எண் பூஜ்யத்திலிருந்து 9.3 சதவீதம் வரை வேறுபட்டது. ஒரே நகரத்தில், ஒரே வார்டில்கூட, சாதிக்குச் சாதி நோயின் அளவு மாறுகிறது. அகமணத்தை உடலின் மீதே எழுதிக்காட்டும் சான்று இதைவிட வேறு வேண்டியதில்லை.

அக்காள் மகள் கணக்கு

தமிழர்களிடையே தாங்கிகள் குறைவு என்பது சரி. ஆனால் அவர்களிடம் வேறொரு வழக்கம் உள்ளது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் சுமார் 28 சதவீதத்தினர் ரத்த உறவில் மணந்தவர்கள். நாட்டின் சராசரி சுமார் 11 சதவீதமே. தாராவியிலும் செம்பூரிலும் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கும் ஊரிலிருந்து அத்தை மகனையோ மாமன் மகளையோ பார்த்து முடிப்பது புதிதன்று. சொத்து சிதறக்கூடாது, தெரிந்த இடம், சீர்வரிசைப் பேச்சில் இழுபறி இருக்காது என்று அதற்குக் காரணங்கள் பல.

மரபணு இந்த உறவை எப்படிப் பார்க்கிறது? ஒருவர் தாங்கி என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு அது தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ வந்தது. எனவே அவருடைய அக்காளும் தாங்கியாக இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. அக்காள் மகளுக்கு நான்கில் ஒன்று. மாமன் மகளாக இருந்தால் எட்டில் ஒன்று. உறவில்லாத குடும்பத்திலிருந்து வரும் பெண்ணுக்கோ, அந்தச் சமூகத்தில் பொதுவாக எத்தனை சதவீதமோ அவ்வளவே.

கணக்குக்காக ஒரு சமூகத்தில் 100 பேரில் ஒருவர் மட்டுமே தாங்கி என்று கொண்டால், உறவில்லாதோர் மணந்துகொள்ளும் 10,000 திருமணங்களில் ஒன்றில்தான் இருவரும் தாங்கிகளாக அமைவர். அதே சமூகத்தில் அக்காள் மகளை மணக்கும் 10,000 பேரை எடுத்துக்கொண்டால், அந்த எண் 25-ஐத் தாண்டிவிடும். தாங்கிகள் 3 சதவீதமாக உள்ள சமூகத்தில் தாய்மாமன் திருமணம் நடந்தால், 9 சதவீதம் தாங்கிகள் உள்ள சமூகத்தில் உறவற்றோர் மணந்துகொள்வதற்கு ஈடான ஆபத்து வந்துவிடுகிறது. அதாவது, செம்பூர் சிந்திகள் எண்ணிக்கையால் சுமக்கும் சுமையைத் திருநெல்வேலிக்காரர் உறவுமுறையால் வலிய வரவழைத்துக்கொள்ள முடியும். "நம்மில் குறைவு" என்ற ஆறுதல் இங்கே உடைந்துபோகிறது.

உறவு மணத்தைத் தவிர்ப்பது மட்டுமே தீர்வு என்று இதற்குப் பொருளில்லை. சிந்தி இந்துக்கள் பொதுவாக நெருங்கிய உறவில் மணப்பதில்லை. ஆயினும் அவர்களுக்கு இது பெருஞ்சுமைதான். கேட்க வேண்டிய கேள்வி, யாரை மணக்கிறோம் என்பதைவிட, இருவரும் ரத்தத்தைப் பார்த்தோமா என்பதே. மேலும் தாராவியில் இன்று சாதி, மொழி கடந்த திருமணங்களும் நடக்கின்றன. அங்கே ஆபத்து பொதுவாகக் குறைகிறது, அறவே நீங்குவதில்லை. வங்கத்திலும் வடகிழக்கிலும் மிகுந்துள்ள ஹீமோகுளோபின் 'இ', மராட்டிய, மத்திய இந்தியப் பழங்குடியினரிடமும் வேறு சில சமூகத்தினரிடமும் உள்ள அரிவாள் அணு மரபணு ஆகியவை பீட்டா தலசீமியா மரபணுவோடு சேர்ந்தாலும் நோய் உண்டாகும். அரிவாள் அணு தமிழ்நாட்டுக்கும் அந்நியமன்று. இந்தியாவிலேயே அது முதன்முதலில் கண்டறியப்பட்டது 1952-இல், நீலகிரி மலைமக்களிடம்தான்.

இரும்பு மாத்திரைக்குப் பின்னால்

தாங்கியைக் கண்டுபிடிப்பது கடினமன்று. எந்த ஆய்வகத்திலும் செய்யப்படும் சாதாரண ரத்த அணுப் பரிசோதனையிலேயே முதல் தடயம் கிடைத்துவிடும். சிவப்பணுவின் பருமன் 80 ஃபெம்டோலிட்டருக்குக் கீழே இருக்கும். ஆனால் சிவப்பணுக்களின் எண்ணிக்கை குறையாது, கூடியும் இருக்கும். அடுத்து, எச்.பி.எல்.சி. என்ற கருவியில் ஹீமோகுளோபின் ஏ2 அளவைப் பார்த்து, 3.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அவர் தாங்கியாக இருக்கக்கூடும் என்று அறியலாம். தாங்கிகளில் பெரும்பாலோருக்கு அது 4 சதவீதத்தையும் தாண்டியிருக்கும். ஆயுளில் ஒரே ஒரு முறை செய்தால் போதும். தனியார் ஆய்வகத்தில்கூட ஆயிரம் ரூபாய் சுற்றளவில் முடிந்துவிடும் வேலை.

பிறகு ஏன் தெரியாமல் போகிறது? சிறிய சிவப்பணு, சற்றே குறைந்த ஹீமோகுளோபின் ஆகிய இரண்டும் இரும்புச் சத்துக் குறைவுக்கும் அடையாளங்கள். இந்தியப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருப்பதால், தாளைப் பார்த்த மருத்துவர் இரும்பு மாத்திரை எழுதிக் கொடுக்கிறார். எண் ஏறவில்லை. இன்னும் 3 மாதம் சாப்பிடுங்கள் என்கிறார். இப்படி ஆண்டுக்கணக்கில் மாத்திரை விழுங்கியும், தாம் ஒரு தாங்கி என்று அறியாமலே பிள்ளை பெறும் பெண்கள் உள்ளனர். 2018-இல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் ரத்தசோகை ஒழிப்புத் திட்டத்தில், ஹீமோகுளோபின் மரபுக் கோளாறுகளையும் கவனிக்க வேண்டும் என்று எழுதப்பட்டுள்ளது. களத்தில் விரலில் குத்திப் பார்க்கும் கருவி ஹீமோகுளோபின் அளவை மட்டுமே காட்டும், தலசீமியாவைக் காட்டாது.

இருவரும் தாங்கிகள் என்று தெரிந்துவிட்டால் திருமணமே கூடாது என்பதில்லை. கருவுற்ற 10 முதல் 12 வாரத்துக்குள் நஞ்சுக்கொடியின் சிறு திசுவை எடுத்து, கருவுக்கு நோய் உண்டா என்று கண்டறியலாம். மும்பை நிறுவனம் பல பத்தாண்டுகளாக இதைச் செய்து வருகிறது. கருவின் பாலினத்தை அறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டமே, ஹீமோகுளோபின் கோளாறுகளுக்கான கருநிலைப் பரிசோதனையைப் பெயர் சொல்லி அனுமதிக்கிறது. நோய் உறுதியானால் கருவைத் தொடர்வதா, கலைப்பதா என்பது தம்பதியரின் முடிவு. 1971-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2021-ஆம் ஆண்டுத் திருத்தமும் அதற்கு இடமளிக்கின்றன.

இவை அனைத்துக்கும் காலம் முக்கியம். கூலி வேலைக்குச் செல்லும் பெண் நான்காம், ஐந்தாம் மாதத்தில்தான் முதன்முறையாக மருத்துவமனைக்கு வருகிறார். அவரைப் பரிசோதித்து, முடிவு வந்து, கணவரை அழைத்து, அவரது முடிவும் வருவதற்குள் நாள்கள் ஓடிவிடும். கணவர் துபாயிலோ ஊரிலோ இருந்தால் சொல்லவே வேண்டாம். எனவேதான் கல்லூரிப் பருவத்திலேயே பரிசோதிக்க வேண்டும் என்று ஒரு சாராரும், கருவுற்ற முதல் வருகையிலேயே கட்டாயமாகப் பரிசோதிக்க வேண்டும் என்று மற்றொரு சாராரும் வாதிடுகின்றனர். கல்லூரியில் பரிசோதித்தால், தாளைத் தொலைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். கல்லூரிக்கே போகாதவர் கதை என்ன? கருவுற்றபின் பரிசோதித்தால், பெண்ணை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதாகிவிடுகிறது. மணப்பெண் தாங்கி என்றால் வரன் தட்டிப்போகும் என்று தாய்மார் அஞ்சி மறைப்பதும் உண்டு. மாப்பிள்ளையின் தாளை யாரும் கேட்பதில்லை. பத்துப் பொருத்தம் பார்க்கும் சமூகத்தில் பதினோராவதாக ஒன்றைச் சேர்ப்பது அவ்வளவு கடினமாக இருக்கத் தேவையில்லை.

ரத்தம் கொடுக்கும் உயிர், ரத்தம் எடுக்கும் உயிர்

மூன்று வாரத்துக்கு ஒரு முறை என்றால் ஆண்டுக்கு 17 முறை. குழந்தைக்கு ஒரு யூனிட் என்றாலும், வளர்ந்தபின் ஒவ்வொரு முறையும் இரண்டு யூனிட் தேவைப்படும். ஓர் ஆண் 3 மாதத்துக்கு ஒரு முறைதான் ரத்தம் கொடுக்கலாம். பெண் 4 மாதத்துக்கு ஒரு முறை. ஆக, ஒரு குழந்தையைக் காப்பாற்ற, தவணை தவறாத 4 அல்லது 5 கொடையாளிகள் வேண்டும். அதே பிள்ளை பெரியவனானால் 9 பேர். காசுக்கு ரத்தம் கொடுப்பது உச்ச நீதிமன்றத்தின் 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பையொட்டி 1998 முதல் தடை செய்யப்பட்டுவிட்டது. எனவே எல்லாம் முகாம்களை நம்பியே. மாதுங்கா, சயான் பகுதிக் கல்லூரிகளின் நாட்டு நலப்பணி மாணவர்கள், கோயில் குழுக்கள், அரசியல் கட்சிகள், தமிழ் அமைப்புகள், நடிகர்களின் ரசிகர் மன்றங்கள் என்று முகாம் நடத்துவோருக்குக் குறைவில்லை. ஆனால் தலைவர் பிறந்தநாளன்று ரத்தம் பெருகுவதும், கல்லூரிகள் மூடப்படும் மே மாதத்திலும் தீபாவளி நாள்களிலும் வற்றுவதும் மும்பையின் வாடிக்கை. சிவப்பணுக்களைக் குளிர்நிலையில் அதிகபட்சம் 42 நாள்கள்தான் வைத்திருக்க முடியும். பிறந்தநாளின் பெருக்கு மே மாதப் பஞ்சத்துக்கு உதவாது. 2020 ஊரடங்கின்போது முகாம்கள் அடியோடு நின்று இந்தக் குடும்பங்கள் பட்ட பாடு தனிக் கதை.

ரத்தமே நஞ்சாகவும் ஆகிறது. ஒரு யூனிட் ரத்தத்தில் 200 மில்லிகிராமுக்குக் குறையாத இரும்பு உள்ளது. உடலுக்கு இரும்பை வெளியேற்றும் வழி கிடையாது. நாளொன்றுக்கு ஒரு மில்லிகிராம் அளவுக்கே கழிகிறது. வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் உள்ள மொத்த இரும்பே 4 கிராம்தான். 20 யூனிட் ஏறினால் அதே அளவு இரும்பு புதிதாக வந்து சேர்ந்துவிடும். அது இதயத்திலும் கல்லீரலிலும் நாளமில்லாச் சுரப்பிகளிலும் படிந்து, வளர்ச்சியைத் தடுத்து, கடைசியில் இதயத்தை நிறுத்திவிடுகிறது. இதைக் கழுவி எடுக்க முதலில் வந்த மருந்து டெஸ்ஃபெரால். வயிற்றுத் தோலுக்கடியில் ஊசியைச் செருகி, சிறிய பம்பு ஒன்றைக் கட்டிக்கொண்டு, வாரத்தில் ஐந்தாறு இரவுகள், ஒவ்வோர் இரவும் 8 முதல் 12 மணி நேரம் ஏற்ற வேண்டும். தாராவியில் பத்துக்குப் பத்து அறையில், ஆறு பேர் உறங்கும் தரையில், தினமும் இப்படி ஒரு குழந்தைக்கு ஊசி ஏற்றுவது எளிதான செயலா?

இங்கே மும்பைக்கு ஒரு பெருமை உண்டு. லண்டனில் உருவாக்கப்பட்ட டெஃபெரிப்ரோன் என்ற வாய்வழி மருந்து மும்பை மருத்துவர் எம்.பி. அகர்வால் குழுவினரால் 1990-களின் தொடக்கத்தில் நோயாளிகளிடம் ஆராயப்பட்டு, மும்பையைச் சேர்ந்த சிப்லா நிறுவனத்தால் 1995-இல் 'கெல்ஃபர்' என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. உலகிலேயே இந்த மருந்துக்கு முதலில் உரிமம் அளித்த நாடு இந்தியாதான். அமெரிக்கா அதை ஏற்றுக்கொள்ள 2011 ஆயிற்று. வெள்ளணுக்கள் திடீரெனக் குறையக்கூடும் என்பதால் அடிக்கடி ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்ற குறை இருந்தாலும், ஊசிக்கு வழியற்ற ஏழைக் குழந்தைக்கு அது வந்ததே பெரிது. பின்னர் வந்த டெஃபெராசிராக்ஸ் மாத்திரை நாளுக்கு ஒரு முறை போதும் என்ற நிலையைக் கொண்டுவந்தது.

ரத்தம் தூய்மையானதா என்ற அச்சம் மட்டும் தீரவில்லை. 2022-இல் இதே மராட்டியத்தின் நாகபுரியில், ரத்தம் ஏற்றிக்கொண்டு வந்த தலசீமியா குழந்தைகள் 4 பேருக்கு எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டது, ஒரு குழந்தை இறந்தது. 2025 அக்டோபரில் ஜார்க்கண்டின் சாய்பாசாவிலும், தலசீமியா உள்ளிட்ட நோய்களுக்காக ரத்தம் ஏற்றப்பட்ட 5 குழந்தைகளுக்கு அதே கதி நேர்ந்தது. தொற்று ஏற்பட்ட தொடக்க நாள்களிலேயே கிருமியைக் கண்டறியும் 'நாட்' பரிசோதனை பெரிய ரத்த வங்கிகள் சிலவற்றில் மட்டுமே நடக்கிறது. சிறிய ஊர்களுக்கு எட்டுவதில்லை.

நிரந்தரத் தீர்வாக இன்று உள்ளது எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை. இந்தியாவில் தலசீமியாவுக்கான அந்தச் சிகிச்சையை 1986-இல் தொடங்கி வழிகாட்டியது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. பொருந்தும் சகோதரனோ சகோதரியோ கிடைப்பது நான்கில் ஒருவருக்குத்தான். கோல் இந்தியா நிறுவனம் தன் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து 2017 முதல் ஒரு குழந்தைக்கு 10 லட்சம் ரூபாய் வரை உதவி வருகிறது. மும்பை மாநகராட்சியும் போரிவலியில் தலசீமியாவுக்கென்றே மஜ்ஜை மாற்று வசதியுடன் தனி மையம் நடத்துகிறது. மேலை நாடுகளில் மரபணுச் சிகிச்சையும் வந்துவிட்டது. 2022-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் மருந்தின் விலை ஒருவருக்கு 28 லட்சம் டாலர். அந்தத் தொகைக்கு தாராவியின் இளைஞர்கள், இளம்பெண்கள் அத்தனை பேருக்கும் ரத்தப் பரிசோதனை செய்து மீதியும் வைக்கலாம்.

தில்லியின் கணக்கு

இந்தியாவில் ஆண்டுதோறும் தலசீமியாவோடு பிறக்கும் குழந்தைகள் 10,000 முதல் 12,000 வரை என்பது மத்திய அரசே மீண்டும் மீண்டும் கூறிவரும் மதிப்பீடு. சைப்ரஸ் நாட்டில் ஏழு பேரில் ஒருவர் தாங்கி. அந்தச் சின்னஞ்சிறு நாடு 1970-களிலேயே விழித்துக்கொண்டது. பரிசோதனைச் சான்று காட்டினால்தான் தேவாலயத்தில் திருமணம் என்ற ஏற்பாட்டுக்கு 1980-களில் திருச்சபையே முன்வந்தது. நோயுடன் பிறக்கும் குழந்தைகள் ஏறக்குறைய இல்லை என்ற நிலை ஏற்பட்டது. மதத் தலைவர்களின் ஆட்சி நடக்கும் ஈரானும் 1997-இல் திருமணத்துக்கு முன்னான பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. முடிவு என்னவென்று தெரிந்தபின் மணப்பதா வேண்டாமா என்பதை அந்த இருவரிடமே விட்டுவிட்டது.

தில்லியில் 2016-இல் ஹீமோகுளோபின் கோளாறுகளைத் தடுப்பதற்கான விரிவான வழிகாட்டு நெறிகள் வெளியிடப்பட்டன. சுகாதாரம் மாநிலங்களின் பொறுப்பு என்பதால், செய்யும் மாநிலம் செய்தது, செய்யாத மாநிலம் செய்யவில்லை. அரிவாள் அணு நோய்க்கு மட்டும் 2023 ஜூலை 1-இல் மத்தியப் பிரதேசத்தின் ஷாதோலில் பிரதமர் தேசிய இயக்கம் ஒன்றைத் தொடங்கிவைத்தார். 7 கோடிப் பேரைப் பரிசோதித்து 2047-க்குள் ஒழிப்பது இலக்கு. பழங்குடி மக்களுக்கு அது மிகத் தேவையானதே. ஆனால் அதே எச்.பி.எல்.சி. கருவி, அதே துளி ரத்தத்தில் தலசீமியாவையும் காட்டிவிடும். பழங்குடி மாவட்டங்களுக்கு வெளியே, நகரச் சேரிகளுக்கு அந்தக் கருவியை இலவசமாகக் கொண்டுசெல்ல ஏன் மனம் வரவில்லை என்பதற்கு விளக்கம் வேண்டும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் இதே அரைகுறைதான். 2016-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் தலசீமியாவை 21 குறைபாடுகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. உயர்கல்வி இடஒதுக்கீட்டில், குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால், இவர்களுக்கும் பங்குண்டு. அரசு வேலைக்கான 4 சதவீத ஒதுக்கீட்டுப் பட்டியலில் ரத்தக் கோளாறு உள்ளவர்களுக்கு இடமில்லை. மூன்று வாரத்துக்கு ஒரு நாள் விடுப்பு எடுத்தாக வேண்டிய இளைஞருக்கு எந்தத் தனியார் முதலாளி வேலை கொடுப்பார்? படிக்க இடம் கொடுத்து, பிழைக்க இடம் மறுக்கும் இந்தச் சட்டத்தைத் திருத்தக் கோருவோரில், முப்பது வயதைக் கடந்துவிட்ட முதல் தலைமுறைத் தலசீமியா நோயாளிகளும் இருக்கின்றனர். குழந்தைகளின் நோய் என்ற பெயரை அவர்கள் உயிரோடு இருந்தே மாற்றிவிட்டனர்.

தாராவிக்குள்ளேயே சயான் மருத்துவமனையின் நகர்ப்புற சுகாதார மையம் ஒன்று உள்ளது. 'சோட்டா சயான்' என்றே மக்கள் அழைப்பார்கள். கருவுற்ற பெண்கள் வருவதும் குழந்தைகள் தடுப்பூசிக்கு வருவதும் அங்கேதான். தமிழும் மராட்டியும் இந்தியும் கலந்து பேசும் அந்த வரிசையில், முதல் வருகையிலேயே கணவன், மனைவி இருவருக்கும் பரிசோதனை செய்வதற்குப் புதிய கட்டடம் எதுவும் தேவையில்லை.

இதற்கிடையே தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில் யார் தகுதியுள்ளவர், யார் தகுதியற்றவர் என்ற பிரிவினை நடக்கிறது. தகுதி பெறாதோருக்கு தாராவிக்கு வெளியே, மாநகரின் வேறு பகுதிகளில் குடியிருப்பு என்பது மாநில அரசின் ஏற்பாடு. 2024-இல் இதற்காக ஒதுக்கப்பட்ட நிலங்களில் செம்பூருக்கு அப்பாலுள்ள தேவனார் குப்பைக் கிடங்கின் ஒரு பகுதியும் அடங்கும். ரத்தம் ஏற்றிக்கொள்ள இன்று சயானுக்கு நடந்தே போய் வரும் குடும்பம், அங்கிருந்து இரண்டு பேருந்து மாறி, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, ஆண்டுக்கு 17 முறை வந்தாக வேண்டும். வீடு எப்போது கட்டப்பட்டது என்பதற்கு ஆவணம் கேட்கும் கணக்கெடுப்பில், வீட்டில் தலசீமியா நோயாளி இருக்கிறாரா என்பது தகுதிக்கான அளவுகோலில் இல்லை.